கொழும்பு வெக்கையில் ஒரு குளிர்கரை ஷார்டனே: முதல் போத்தல் வாங்குவோருக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு, நல்லதொரு வெள்ளை வைன் வாங்கிப் பார்ப்போமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையில் விலை கூடிய தட்டில் இருக்கும் ஷார்டனே போத்தல்களில் 'ஓர்கானிக்' (சேதன முறை), 'கூல் கிளைமேட்' (குளிர் காலநிலை), 'கோஸ்டல்' (கரையோரம்) என்ற சொற்கள் அடிக்கடி கண்ணில் படும். மூன்றுமே திராட்சைத் தோட்டத்தைப் பற்றியவை. தோட்டத்தில் எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் அது கொழும்பில் உங்கள் கிளாஸ் வரைக்கும் வந்து சேருமா என்பதைக் கடை அலுமாரியும் வீட்டு பிரிட்ஜும்தான் தீர்மானிக்கும். அதனால் சூட்டைப் பற்றிய பேச்சு இதில் கொஞ்சம் கூடவே வரும்.

தொடங்கும் முன் சில விஷயங்கள். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்க முடியாது. போயா நாளில் விற்பனை கிடையாது, எனவே விருந்து வைக்கிறவர்கள் கலண்டரைப் பார்த்து முதல் நாளே வாங்கி வைப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கும், மதுவோடு சேராத மருந்து எடுப்பவர்களுக்கும் இது வேண்டாம். குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுக் குடிக்கத் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை.

படி 1: போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஷார்டனே பிரான்சின் பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்த வெள்ளைத் திராட்சை. பினோ என்ற புகழ்பெற்ற இனமும், யாரும் பெரிதாக மதிக்காத குவே பிளாங் என்ற இனமும் கலந்து பிறந்தது என்று 1999இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. இந்தத் திராட்சைக்குத் தன் வாசனை குறைவு. விளைந்த இடத்தின் குளிரையும் வைன் செய்தவரின் கைப்பழக்கத்தையும் அப்படியே காட்டிவிடும். அதனால்தான் ஷார்டனே என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத போத்தல்கள் கிடைக்கின்றன.

வெப்பமான இடத்தில் விளைந்தால் அன்னாசி, மாம்பழ வாசனை வரும், அற்ககோல் 14 சதவீதத்தைத் தொடும் அல்லது தாண்டும். குளிரான இடத்தில் விளைந்தால் பச்சை ஆப்பிள், தேசிக்காய், கூர்மையான புளிப்பு, பெரும்பாலும் 12 முதல் 13 சதவீதம். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

சிலர் ஷார்டனே என்றாலே வெண்ணெய் மணம் என்பார்கள். அது திராட்சையிலிருந்து வருவதில்லை. முதல் நொதிப்பு முடிந்த பிறகு பக்டீரியாக்கள் வைனிலுள்ள மாலிக் அமிலத்தை லக்டிக் அமிலமாக மாற்றும்போது புளிப்பு மென்மையாகிறது, கூடவே டையசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது. வெண்ணெய் வாசனை அதனால்தான். வனிலா, வறுத்த பருப்பு மணமெல்லாம் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருபவை. உருக்குத் தொட்டியில் செய்து இந்த இரண்டையும் தவிர்த்த ஷார்டனே மெலிந்ததாக, சுத்தமாக, புளிப்பு முன்னுக்கு நிற்பதாக இருக்கும்.

சரி, கடற்கரையில் எப்படிக் குளிர்? காலி முகத்திடலில் நின்று கடற்கரையை நினைக்கும் நமக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம். நமது கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். கலிபோர்னியாவின் சொனோமா கரை அப்படி இல்லை. அது ஏதென்ஸ் நகரம் இருக்கும் அதே 38 பாகை வட அகலாங்கில்தான் இருக்கிறது. ஆனால் காற்று மேல்நீரைத் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே எழுந்து வருவதால் கோடையிலும் கடலில் இறங்கினால் உடம்பு விறைக்கும். அந்தக் குளிர்நீரின் மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகி மலை இடைவெளிகளுக்குள்ளால் தோட்டங்களுக்குள் நுழைகிறது. மத்தியானம் வரை வெயிலே விழாத நாட்கள் உண்டு. பழம் மெல்ல மெல்லப் பழுக்கிறது, புளிப்பு தங்குகிறது. சிலியின் கஸபிளாங்கா பள்ளத்தாக்கில் இதே வேலையை ஹம்போல்ட் என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம் செய்கிறது. அங்கே 1980களின் தொடக்கத்தில்தான் வைன் திராட்சை நடத் தொடங்கினார்கள். தென்னாபிரிக்காவில் ஹெர்மானஸ் ஊருக்குப் பின்னால் உள்ள வோக்கர் பே பகுதி, அவுஸ்திரேலியாவில் தாஸ்மேனியாவும் மோர்னிங்டன் தீபகற்பமும் இதே குடும்பம். கடைக்காரர் 'ஷாப்லி' என்ற பிரெஞ்சுப் போத்தலை நீட்டினால் மறுக்க வேண்டாம். அது கடலிலிருந்து வெகு தூரத்தில் உள்ள ஊர், வடக்கே இருப்பதால் குளிர், ஆனால் கிளாஸில் நீங்கள் தேடுவதற்கு நெருங்கிய உறவுதான்.

படி 2: 'ஓர்கானிக்' என்பதற்கு அளவோடு மதிப்புக் கொடுங்கள்

சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியதைப் பார்த்த நாடு இது. அந்த வருடம் முடிவதற்குள் அரசாங்கம் அந்தத் தடையைக் கைவிட்டது. வயலில் நட்டம் பட்ட குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்குச் 'சேதனப் பசளை' என்ற பேச்சே கசக்கும். அந்தக் கசப்பைத் திராட்சைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே ஒரு தோட்டம் சான்றிதழ் வாங்குவதற்கு முன் பொதுவாக மூன்று வருடம் மாறுதல் காலத்தைக் கடக்க வேண்டும், அதற்குள் மண்ணையும் கொடியையும் பழக்கி எடுப்பார்கள்.

அந்த மூன்று வருடத்தில் என்ன மாறுகிறது? செயற்கைக் களைநாசினி இல்லை. வரிசைகளுக்கு நடுவே அவரை இனச் செடிகள், புல் வகைகள் விதைத்து உழுது மண்ணோடு சேர்ப்பார்கள். குளிர்காலத்தில் செம்மறி ஆடுகளை மேயவிடுவார்கள். செயற்கைப் பசளைக்குப் பதில் மக்கிய எரு. ஆனால் 'எதுவுமே தெளிப்பதில்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சேதன முறையிலும் கந்தகமும் செம்பும் தெளிப்பார்கள். ஷார்டனேக்குச் சாம்பல் நோய் சுலபமாகப் பிடிக்கும். மூடுபனி இறங்கும் கரையோரம் என்றால் அழுகல் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அதனால் குலைகளைச் சுற்றியிருக்கும் இலைகளைக் கையால் கிள்ளி, காற்றுப் போக வழி விடுவார்கள். செம்பு மண்ணில் தங்கிவிடும் உலோகம் என்பதால் ஐரோப்பாவில் ஏழு வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோவுக்கு மேல் போடக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வரண்ட சிலியில் சேதன முறை கொஞ்சம் சுலபம். பனி மூடும் சொனோமாவில் அதே வேலைக்கு ஆள் கூலி கூடும். போத்தல் விலையில் ஒரு பங்கு இந்தக் கைவேலைக்குப் போகிறது.

தலையிடி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஓர்கானிக் வைன் குடித்தால் அடுத்த நாள் தலை வலிக்காது' என்று விருந்துகளில் அடித்துச் சொல்வார்கள். தலை வலிப்பது முதலில் அற்ககோலால், அப்புறம் தண்ணீர் குடிக்காமல் விட்டதால். வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட் மேல் பழி போடுபவர்கள் உலர்ந்த அப்ரிகொட்டைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள், அதில் வைனை விடப் பல மடங்கு சல்பைட் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் சல்பைட் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. அவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

படி 3: லேபிளைத் திருப்பி வாசியுங்கள்

முன்பக்கம் அழகுக்கு. விஷயம் பின்பக்கத்தில் இருக்கும்.

ஐரோப்பியப் போத்தல் என்றால் பச்சைப் பின்னணியில் நட்சத்திரங்களால் வரைந்த இலைச் சின்னத்தைத் தேடுங்கள். பக்கத்தில் நாட்டுக் குறியீட்டோடு ஓர் எண் இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு அறுவடைக்கு முன் அங்கே 'சேதனத் திராட்சையில் செய்த வைன்' என்று மட்டுமே போடலாம் என்றிருந்தது, அதன் பிறகுதான் வைன் செய்யும் முறைக்கும் விதி வந்தது. சீனி மீதமில்லாத வெள்ளை வைனுக்குச் சாதாரணமாக லீட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சல்பைட் இருக்கலாம், சேதன வைனுக்கு 150.

அமெரிக்கப் போத்தலில் இரண்டு வகை. 'ஓர்கானிக் வைன்' என்றிருந்தால் சல்பைட்டே சேர்த்திருக்கக் கூடாது. 'ஓர்கானிக் திராட்சையில் செய்தது' என்றிருந்தால் லீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்கலாம். நமது காலநிலைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சல்பைட் சேர்க்காத வெள்ளை வைன் கப்பலில் வந்து, துறைமுகத்தில் காத்திருந்து, லொறியில் போய் நம் கைக்கு வருவதற்குள் பழசாகிவிடும் வாய்ப்பு அதிகம்.

'சஸ்டெய்னபிள்', 'நெச்சுரல்' என்ற சொற்கள் வேறு. அவற்றை மட்டும் பார்த்துச் சேதன முறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'டிமீட்டர்' முத்திரை இருந்தால் அது பயோடைனமிக், சேதன முறையோடு இன்னும் சில கட்டுப்பாடுகள் சேர்ந்தது.

சைவச் சாப்பாட்டுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் இன்னொன்றையும் பாருங்கள். வெள்ளை வைனைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையையோ, முட்டை வெள்ளைக்கருவையோ, பால் புரதத்தையோ சிலர் பயன்படுத்துவார்கள். சேதன வைனிலும் இதற்கு இடமுண்டு. 'வீகன்' என்று தனியாக எழுதியிருந்தால் மட்டுமே நிம்மதி.

ஆண்டு எண்ணையும் பார்க்க மறக்காதீர்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை, வடக்கே ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை. ஒரே ஆண்டு எண் போட்டிருந்தாலும் சிலிப் போத்தல் கலிபோர்னியப் போத்தலை விட அரை வருடம் மூத்தது. ஓக் படாத ஷார்டனேயைக் கொழும்பில் வாங்குவதென்றால் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதை நான் எடுப்பதில்லை.

படி 4: கடையில் சூட்டைப் பாருங்கள்

தெருவோர 'வைன் ஸ்டோர்ஸ்' பெரும்பாலும் சாராயத்துக்கும் பியருக்கும் உரிய இடம். கம்பிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் போத்தலைக் கையில் வாங்கி வாசிக்கக்கூட விடமாட்டார்கள். மதுப் பிரிவுள்ள பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள், வைனை மட்டும் இறக்குமதி செய்து விற்பவர்கள், கட்டுநாயக்கவில் வந்திறங்கும்போது இருக்கும் தீர்வையற்ற கடைகள், இவை நல்லது.

கடைக்குள் போனதும் முதலில் தட்டில் கை வையுங்கள். போத்தல் குளிர்ந்திருக்கிறதா? மேல்தட்டில் விளக்குக்குக் கீழே நிற்பதை விட்டுவிடுங்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பின்னேர வெயில் அடிக்கும் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, ராத்திரி கடையைப் பூட்டின பிறகும் ஏசி ஓடுமா?" பகலெல்லாம் குளிரூட்டிவிட்டு இரவில் நிறுத்தும் கடையில் போத்தல் தினமும் ஏறி இறங்கும் சூட்டில் வாடுகிறது. கேள்வியைச் சிங்களத்தில் கேட்க முடிந்தால் பதில் இன்னும் நேராக வரும்.

அதன் பிறகு போத்தலை எடுத்துக் கழுத்தை உற்றுப் பாருங்கள். தக்கை இருந்தால் அது வாயோடு சமமாக இருக்க வேண்டும். மேலே புடைத்திருந்தாலோ, உறைக்கு அடியிலிருந்து பிசுபிசுப்பான ஒரு கோடு இறங்கியிருந்தாலோ உள்ளே வைன் சூடாகி விரிந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி வெளிறிய நிறமாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். இளம் ஷார்டனே வைக்கோல் நிறத்தில், லேசான பச்சை சாயலோடு இருக்கும். கடும் பழுப்பை நோக்கிப் போயிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

திருகுமூடி போட்ட போத்தல் மலிவு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. நியூசிலாந்துக்காரர்களும் அவுஸ்திரேலியர்களும் நல்ல வைன்களையே அப்படித்தான் மூடுகிறார்கள். தக்கையிலிருந்து வரும் ஈர அட்டைப்பெட்டி நாற்றத்துக்கு அதில் இடமில்லை. கொழும்பில் முதல் போத்தல் என்றால் நான் திருகுமூடியைத்தான் சிபாரிசு செய்வேன்.

படி 5: வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்

வைனைக் கடைசியாக வாங்கி நேரே வீட்டுக்குப் போங்கள். புறக்கோட்டையில் இன்னும் மூன்று வேலை இருக்கிறதென்று வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால், தோட்டக்காரரின் உழைப்பெல்லாம் அரை நாளில் வீண்.

வெளிநாட்டுக் கட்டுரைகள் 'அறை வெப்பநிலையில் வையுங்கள்' என்று சொல்லும். அவர்கள் அறையும் நமது அறையும் ஒன்றல்ல. கொழும்பில் பகல் 30 பாகை சாதாரணம், வைன் கேட்பது 12, 13 பாகை. வைன் அலுமாரி வாங்கத் தேவையில்லை, ஒரு மாதத்துக்குள் குடிக்கப் போவதென்றால் பிரிட்ஜே போதும். கதவுத் தட்டை விட்டு, அடிக்கடி ஆடாத உள்தட்டில் வையுங்கள். பிரிட்ஜில் நாள்பட்டால் அடியில் கண்ணாடித் துகள் போலச் சில படிகங்கள் தெரியலாம். அது திராட்சையின் சொந்த டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து படிந்தது, கெடுதல் இல்லை.

படி 6: குளிர வைத்து ஊற்றுங்கள்

பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வைன் ஏறக்குறைய 4, 5 பாகையில் இருக்கும். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் தெரியும். ஓக் படாததை 8 முதல் 10 பாகையிலும், பீப்பாயில் இருந்ததை 10 முதல் 13 பாகையிலும் குடிப்பது நல்லது. ஐரோப்பாவில் அரை மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள். இங்கே பத்து நிமிடமே போதும், ஏனென்றால் கிளாஸில் ஊற்றிய பிறகும் அது சூடாகிக்கொண்டே போகும். எனவே கொஞ்சமாக ஊற்றுங்கள், போத்தலை ஐஸ் தண்ணீருக்குள் திரும்ப வையுங்கள்.

அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. இருபது நிமிடம் போதும். ஐஸை மட்டும் போட்டால் போத்தலைத் தொடும் இடம் குறைவு, நேரம் கூடும். பிரீசரில் வைத்துவிட்டு மறந்தால் வைன் உறைந்து விரிந்து தக்கையைத் தள்ளிவிடும்.

கிளாஸ் எதுவானாலும் வாய் பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தால் போதும். ஒரு போத்தல் 750 மில்லிலீட்டர், ஐந்து கிளாஸ் வரும். 13 சதவீத வைனில் ஒரு கிளாஸ் 15 கிராம் அற்ககோலுக்குக் கிட்ட வருகிறது. குடித்தவர் வண்டி ஓட்டாமல் பிக்மி செயலியில் வாடகை வண்டி பிடிக்கட்டும்.

படி 7: எதோடு சாப்பிடுவது

இதில்தான் கொழும்புத் தமிழர் வீட்டுக்கு யோகம். இடியப்பமும் சொதியும் இருக்கும் மேசையில் குளிர்கரை ஷார்டனே பொருந்துவது போல வேறு வைன் பொருந்துவது அரிது. சொதியில் தேங்காய்ப் பாலின் கொழுப்பு இருக்கிறது, மஞ்சளும் வெந்தயமும் மெல்லிய கசப்பைத் தருகின்றன, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்த தேசிக்காய் மேலே நிற்கிறது. வைனின் புளிப்பு அந்தத் தேசிக்காயோடு சண்டை பிடிக்காது. நாக்கில் படியும் பால் வழுவழுப்பைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு இடம் விடுகிறது. சொதியில் பச்சை மிளகாயைக் கீறிப் போடாமல் முழுசாகப் போட்டால் இன்னும் நல்லது. பீப்பாயில் இருந்த போத்தல் என்றால் உருளைக்கிழங்குப் பால்கறி, முருங்கைக்காய் வெள்ளைக் கறி, அறுக்குளாப் பொரியல்.

கொழும்புச் சீனக் கடைகளில் கிடைக்கும் ஹொட் பட்டர் கணவாயும் நல்ல துணை. மாவில் தோய்த்துப் பொரித்த மொறுமொறுப்புக்கு ஓக் படாத வைன் பொருந்தும். செத்தல் மிளகாய்த் துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்டுக் கறிக்கு இது வேண்டாம். அற்ககோல் மிளகாயின் எரிவைக் கூட்டும், ஓக் வைனில் கசப்பும் தலைதூக்கும், கடைசியில் கறியும் பாழ், வைனும் பாழ். ஒடியற் கூழுக்குப் பக்கத்தில் எந்த வைனையும் கொண்டுபோகாதீர்கள். நண்டுதான் வேண்டுமென்றால் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, உடைத்துத் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள்.

படி 8: மிச்சத்தை என்ன செய்வது

மூடியைத் திருகி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை குடிக்கலாம். சில பீப்பாய் ஷார்டனேக்கள் இரண்டாம் நாள் இன்னும் நன்றாக மணக்கும், எனவே ஒரே இரவில் முடிக்க வேண்டுமென்று அவசரப்படாதீர்கள். வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்தது போன்ற மணம் வந்தால் குடிக்கும் காலம் முடிந்தது. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், உள்ளியை வெண்ணெயில் வதக்கி, இறால் போட்டு, அரைக் கோப்பை வைன் விட்டு வற்ற விடுங்கள். கடைசியில் மிளகுத்தூள். பாணோடு தொட்டுச் சாப்பிடலாம்.